ஓய்வுக்கும் அதே திரையா?

மாலையில் வேலை முடிகிறது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்கிறீர்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைகளைத் தூக்கிச் சோம்பல் முறிக்கிறீர்கள். அடுத்த நிமிடம் உங்கள் கை எங்கே போகிறது? உண்மையைச் சொல்லுங்கள். மேஜை மேல் இருக்கும் செல்போனுக்குத்தானே?

என் கதையும் அதுதான். 2019-ல் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்தேன். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்கு வந்தேன். 2 வாரத்தில் திரும்பிவிடலாம் என்று 4 சட்டைகள்தான் எடுத்து வந்திருந்தேன். அந்த 2 வாரம் 2 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இப்போதும் மாதத்தில் பாதி நாட்கள் இங்கிருந்துதான் வேலை.

வீட்டிலிருந்து வேலை என்றால் நிம்மதி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஆபீஸ் வாசலைத் தாண்டி வெளியே வரும் அந்த ஒரு நிமிடம் இல்லாமல் போனது. காலையில் கண் விழித்தவுடன் மெயில். சாப்பிடும்போது மீட்டிங். இரவு 11 மணிக்கு அமெரிக்காவுடன் ஒரு கால். அது முடிந்ததும் "கொஞ்சம் ரிலாக்ஸ் செய்யலாம்" என்று யூட்யூப், ஒரு வெப் சீரிஸ், நடுவில் ஒரு கேம். படுக்கும்போது மணி 2 ஆகிவிடும்.

2021 நவம்பரில் ஒரு நாள் இரவு நெஞ்சில் ஏதோ அழுத்துவது போல இருந்தது. இதயம் படபடவென்று அடித்தது, கைகள் சில்லிட்டன. அப்பாவை எழுப்பினேன். அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்கு வயது 24. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். டூட்டி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் பார்க்கிறீங்க?"

"12 மணி நேரம் சார்."

"அப்புறம் ரெஸ்ட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"யூட்யூப் பார்ப்பேன். கேம் ஆடுவேன்."

"அதையும் கூட்டிச் சொல்லுங்க."

கூட்டினேன். 16 வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

(ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி வந்தால் "டென்ஷன்தான்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு வந்தது மன அழுத்தத்தால் என்பதை ஈ.சி.ஜி. பார்த்த பிறகு அவர்தான் சொன்னார்.)

அன்று முதல் நான் செய்து பார்த்தவற்றில் பலன் தந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஓய்வு என்று நாம் நினைப்பதில் பாதி, கண்ணுக்கும் கழுத்துக்கும் மூளைக்கும் அதே வேலையின் தொடர்ச்சிதான். எக்ஸெல் ஷீட்டை மூடிவிட்டு ரீல்ஸைத் திறந்தால், பைல்தான் மாறுகிறது. மானிட்டர் அதேதான், உட்காரும் கோணமும் அதேதான்.

ஆட்டுக்குட்டி வந்து கூப்பிடட்டும்

கம்ப்யூட்டரால் வந்த பிரச்சினைக்குக் கம்ப்யூட்டரையே காவலுக்கு வைக்கலாம். நான் பயன்படுத்துவது வொர்க்ரேவ் என்ற இலவச சாப்ட்வேர். இது ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். வொர்க்ரேவ் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். டாஸ்க் பாரின் வலது மூலையில் ஓர் ஆட்டின் படம் ஐகானாக வந்து அமரும்.

இந்த புரோகிராம் நீங்கள் கீபோர்டையும் மவுஸையும் பயன்படுத்தும் நேரத்தைக் கணக்கெடுக்கிறது. வெறும் அலாரம் கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நீங்களே எழுந்து காபி குடிக்கப் போய்விட்டால் அதை ஓய்வாக எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் "ஓய்வெடு" என்று தொல்லை செய்யாது.

இதில் 3 வகை டைமர்கள் உள்ளன. மைக்ரோ பிரேக் என்பது சில நொடிகள் நிறுத்துவது. ரெஸ்ட் பிரேக் என்பது எழுந்து நடக்க வேண்டிய நீண்ட இடைவெளி. டெய்லி லிமிட் என்பது ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் போதும் என்ற வரம்பு. இன்ஸ்டால் செய்தவுடன் மைக்ரோ பிரேக் 3 நிமிடத்துக்கு ஒரு முறை வரும்படி இருக்கும். இதைப் பார்த்துக் கோபப்பட்டு அன்றே அன்-இன்ஸ்டால் செய்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. ஐகான் மீது ரைட் க்ளிக் செய்து, 'பிரிபரன்சஸ்' சென்று, 'டைமர்ஸ்' பகுதியில் நேரத்தை மாற்றிவிடுங்கள். நான் மைக்ரோ பிரேக்கை 20 நிமிடத்துக்கு 20 நொடி என்றும், ரெஸ்ட் பிரேக்கை 1 மணி நேரத்துக்கு 7 நிமிடம் என்றும் வைத்திருக்கிறேன்.

பிரேக் வரும்போது 'போஸ்ட்போன்', 'ஸ்கிப்' என்று இரண்டு பட்டன்கள் தெரியும். முதல் வாரம் நான் வேலை செய்ததைவிட ஸ்கிப் பட்டனை அழுத்தியதுதான் அதிகம். பிறகு செட்டிங்ஸில் போய் ஸ்கிப் பட்டனையே எடுத்துவிட்டேன். தள்ளிப்போடலாம், தட்டிக்கழிக்க முடியாது. அவசரமான கிளையன்ட் மீட்டிங் இருந்தால் மட்டும் ஐகானில் ரைட் க்ளிக் செய்து 'சஸ்பெண்டட்' மோடுக்கு மாற்றிவிடுவேன். முடிந்ததும் மறக்காமல் 'நார்மல்' மோடுக்குத் திரும்பிவிட வேண்டும். நான் ஒரு முறை மறந்து 9 நாட்கள் ஓடிவிட்டன.

முற்றமும் 20 அடியும்

ஏன் 20 நிமிடம், 20 நொடி? கண் டாக்டர்கள் சொல்லும் 20-20-20 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பாருங்கள் என்பதுதான் அது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணின் லென்ஸைப் பிடித்திருக்கும் தசை சுருங்கியே இருக்கும். தூரத்தில் பார்க்கும்போதுதான் அது தளர்கிறது. கண் சிமிட்டலும் குறைந்துவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டும் நாம், கம்ப்யூட்டர் முன் 5 முதல் 7 முறைதான் சிமிட்டுகிறோம் என்று அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. கண் எரிச்சலுக்கும் வறட்சிக்கும் அதுதான் முக்கியக் காரணம். "ப்ளூ லைட்" கண்ணாடி வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினால், அதே சங்கம் அந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, 20 அடிக்கு எங்கே போவது? சென்னையில் நான் இருந்த அறையில் எதிர்ச் சுவரே 8 அடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஏ.சி. பெட்டி.

காரைக்குடியில் எங்கள் வீடு, போட்டோக்களில் நீங்கள் பார்க்கும் பெரிய செட்டிநாட்டு மாளிகை அல்ல. சாதாரண ஓட்டு வீடு. ஆனால் அமைப்பு அதேதான். வெளியே திண்ணை, உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டி அடுப்படி, கடைசியில் கொல்லைக் கதவு. வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை எல்லாம் ஒரே நேர்கோட்டில். நான் முதலில் மேஜையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தேன், பிளக் பாயின்ட் அங்கே இருந்ததால். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வாரம், 120 ரூபாய்க்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மேஜையைத் திருப்பிப் போட்டேன். இப்போது மானிட்டருக்கு மேல் தலையைத் தூக்கினால் முற்றமும், கொல்லைக் கதவும், அதற்கு அப்பால் வேப்பமரமும் தெரியும். டேப் வைத்து அளந்தேன். மரம் வரை 31 அடி.

இதை அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கண் தசைக்காகக் கட்டினார்கள் என்று கதை விட மாட்டேன். காற்றும் வெளிச்சமும் வரவும், மழைத் தண்ணீரைப் பிடிக்கவும், தானியம் காயப்போடவும், கல்யாணத்துக்குப் பந்தி போடவும் கட்டினார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தப் பகுதியில் எழுந்த வளவு வீடுகளின் அமைப்பு இது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சாப்ட்வேர்காரனுக்கு உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முற்றம் இல்லாத வீட்டில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போகலாம். தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே போதும். ரெஸ்ட் பிரேக்கின் 7 நிமிடத்துக்கு நான் செருப்பில்லாமல் நடக்கிறேன். எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடி ஓடு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வது. கோடையிலும் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். போன் மேஜையிலேயே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

88,900 கோடி நிலைகளும் அப்பத்தாவும்

அடுத்தது கேம். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் கேம் ஆடி வளர்ந்தவன். என் பிரச்சினை, ஆட்டம் முடிவதே இல்லை என்பது. செல்போன் கேம்கள் அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஒரு லெவல் முடிந்தால் இன்னொன்று, தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நோட்டிபிகேஷன். நானே ஒரு ஆப்பில் "யூசர் திரும்பி வருவதற்கு" கோடு எழுதியிருக்கிறேன். ஆகவே குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

ஒரு ரெஸ்ட் பிரேக்கில் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது அப்பத்தா கூப்பிட்டார்.

"ஏப்பு, சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்க? வா, ஒரு ஆட்டம் போடுவோம்."

பரணிலிருந்து எடுத்த மரப் பல்லாங்குழி. 2 வரிசை, வரிசைக்கு 7 குழி, மொத்தம் 14. எங்கள் வீட்டு முறையில் குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நடுவில் ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு', அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்.

முதல் நாள் நான் 3 ஆட்டம் தோற்றேன். இன்ஜினியரிங் படித்தவன், லூப் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குக் கணக்கு வரவில்லை. அப்பத்தா ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, சரியான குழியில் கை வைக்கிறார். பள்ளிக்கூடத்தில் 5-ம் வகுப்பைத் தாண்டாதவர்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்த விளையாட்டுக் குடும்பம் புதிதல்ல. குழியில் விதை போட்டு ஆடும் ஆட்டங்களை மங்கலா என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் பல வகை உண்டு. மலேசியாவில் சோங்காக், இலங்கையில் ஒலிந்த கெலிய. ஆப்பிரிக்காவின் அவாரி என்ற ஆட்டத்தில் 12 குழி, 48 விதை. நம் பல்லாங்குழியைவிடச் சிறியது. 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 144 பிராசஸர்கள் கொண்ட கம்ப்யூட்டர் தொகுப்பில் இதை முழுவதுமாகத் தீர்த்தார்கள். ஆட்டத்தில் வரக்கூடிய சுமார் 88,900 கோடி நிலைகளையும் கணக்கிட்டார்கள். விடை என்ன தெரியுமா? இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிரா.

இதை அப்பத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ரெண்டு பேரும் தப்பே பண்ணாட்டி எதுக்கு ஆடணும்?" என்று கேட்டுவிட்டுக் கொட்டைகளை அள்ளினார்.

பல்லாங்குழி இப்போது ஆப்பாகவும் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்து பார்த்தேன், 2 நாளில் எடுத்துவிட்டேன். பலகையில் ஆடும்போது குழியைப் பார்க்கத் தலை குனிகிறது, எதிராளியைப் பார்க்க நிமிர்கிறது. விரல் 5 கொட்டையை எண்ணிப் பிடிக்கிறது. கொட்டை விழும் சத்தம் கேட்கிறது. எதிரில் இருப்பவர் ஏமாற்றுகிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது (அப்பத்தா ஏமாற்றுவார்). அந்த 20 நிமிடத்தில் சர்வர் நினைப்பு வருவதற்கு இடமே இல்லை. அதோடு, ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான். பலகையை மடக்கி வைத்துவிட்டால் அது நம்மைக் கூப்பிடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போனால் பழைய பல்லாங்குழிகளைத் தேடிப் பார்க்கலாம். அங்கே வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் விலை ஏறும், ஜாக்கிரதை. கிடைக்காவிட்டால் முட்டை அட்டையிலும் ஆடலாம்.

உங்கள் வீட்டில் பல்லாங்குழி ஆட ஆள் இல்லை என்றால் கேரம், தாயம், பூத்தொடுப்பது, சைக்கிளைக் கழுவுவது என்று எதுவானாலும் சரி. என் தங்கை பனையோலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொண்டாள். நானும் முயன்றேன். முதல் கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்து, இப்போது என் மேஜையில் பென்டிரைவ் போட உதவுகிறது.

இரவில் கதவைச் சாத்துங்கள்

தூக்கம்தான் எனக்குக் கடைசியாகத் திரும்பி வந்தது. இரவில் நோட்டிபிகேஷன் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தேன். அதனால் முதலில் செய்தது சத்தத்தை நிறுத்தியது.

விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்' திறந்து 'சிஸ்டம்', அதில் 'நோட்டிபிகேஷன்ஸ்' செல்லுங்கள். 'டு நாட் டிஸ்டர்ப்' தானாகவே இயங்குவதற்கான பிரிவு அங்கே இருக்கும். அதில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை என்று நேரம் கொடுத்துவிடலாம். அதே 'சிஸ்டம்' பிரிவில் 'டிஸ்ப்ளே' சென்றால் 'நைட் லைட்' உண்டு. இது மாலையில் திரையை மஞ்சளாக்கும். கண்ணுக்கு இதமாக இருக்கிறது, நான் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் நைட் லைட் போட்டுவிட்டு நள்ளிரவு வரை ஆபீஸ் மெயில் படித்தால் தூக்கம் வராது. மெயிலில் இருப்பது மஞ்சளாவதில்லையே!

ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்' சென்று 'டிஜிட்டல் வெல்பீயிங்' திறங்கள். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று வட்டப் படம் காட்டும். நான் முதல் முறை திறந்தபோது 5 மணி 40 நிமிடம் என்று காட்டியது, அதுவும் போனில் மட்டும். ஒவ்வொரு ஆப்புக்கும் டைமர் வைக்கலாம். 'பெட்டைம் மோட்' போட்டால் குறித்த நேரத்தில் சத்தம் நின்று, திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். (சில புதிய போன்களில் இது 'மோட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.) கறுப்பு வெள்ளையில் ரீல்ஸ் பார்த்துப் பாருங்கள், பழைய தூர்தர்ஷன் போல ஆகிவிடும். அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. யூட்யூபில் 'ஆட்டோபிளே'யை ஆப் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, செலவு 250 ரூபாய். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். "அலாரத்துக்காகத்தான் போனைத் தலைமாட்டில் வைக்கிறேன்" என்ற சாக்கு அன்றோடு போனது. இப்போது போன் முற்றத்துப் பக்கம் சார்ஜ் ஆகிறது.

மூச்சை யார் பிடித்து வைத்தது?

மெயில் திறக்கும்போது உங்களை நீங்களே கவனித்துப் பாருங்கள். பலர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆப்பிள், மைக்ரோசாப்ட் இரண்டிலும் வேலை பார்த்த லிண்டா ஸ்டோன் இதைத் தன்னிடமும் மற்றவர்களிடமும் கவனித்து, 2008-ல் 'ஈமெயில் ஆப்னியா' என்று பெயர் வைத்தார். படித்தபோது சிரித்தேன். அடுத்த மெயிலில் என்னையே பிடித்துவிட்டேன்.

இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது இன்னும் ஒரு சிறு இழுப்பு. பிறகு வாய் வழியாக மெல்ல, முழுவதும் வெளியே விடுங்கள். ஆங்கிலத்தில் 'சைக்ளிக் சையிங்' என்கிறார்கள், நம் பாஷையில் பெருமூச்சு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினமும் 5 நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. என் கம்ப்யூட்டரில் புராஜெக்ட் பில்டு ஆக 4 நிமிடம் ஆகும். முன்பு அந்த 4 நிமிடத்தில் செய்தி படித்து இன்னும் டென்ஷன் ஆவேன். இப்போது கண்ணை மூடிப் பெருமூச்சு விடுகிறேன். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டாசு வெடிக்காத ஊர்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்காலத்தில் மட்டும், நண்பனின் பைக்கில் திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடிக்குப் போகிறோம். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே உள்ள பறவைகள் சரணாலயம் இது. 1977 முதல் சரணாலயமாக உள்ளது. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில் போனால், மரம் முழுக்க நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், உண்ணிக்கொக்கு. மழை இல்லாத வருடம் போனால் முள்மரம்தான். இங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

இங்கே நான் செய்வது ஒன்றுமில்லை. கரையில் உட்கார்ந்திருப்பேன், போன் ஏரோபிளேன் மோடில். முதல் கால் மணி நேரம் கை பாக்கெட்டுக்குப் போய்ப் போய் வரும். அதன் பிறகு வராது. தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரையைத் தேடுங்கள். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஊரணி உண்டு. அதைச் சுற்றி மாலையில் 4 சுற்று நடந்தாலே போதும்.

இவை போதாதபோது

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஏமாற்று வேலை ஆகிவிடும். வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கிவிட்டு, "மூச்சுப் பயிற்சி செய்" என்றால் அது தீர்வாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்' என்பதைச் சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்று வரையறுத்தது. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வாரம் 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீண்ட நேர வேலையால் 2016-ல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள்.

என் விஷயத்தில் உதவிக்கு வந்ததும் அந்த ஆட்டு ஐகான்தான். வொர்க்ரேவில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று ஒரு விண்டோ உண்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினோம் என்று அதில் பதிவாகும். 2022 ஜனவரியில் 4 வாரக் கணக்கை ஒரு ஷீட்டில் போட்டேன். கை கீபோர்டில் இருந்த நேரம் மட்டும் வாரத்துக்குச் சராசரி 61 மணி நேரம். என் டீம் லீடுக்கு அனுப்பினேன். "சோர்வாக இருக்கிறது" என்று நான் அதற்கு முன் 3 முறை சொல்லியிருக்கிறேன், "எல்லோருக்கும்தான்" என்பது பதிலாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் பேச்சு மாறியது. இரவு சப்போர்ட்டை 4 பேர் முறைவைத்துப் பார்ப்பது என்று முடிவானது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என் நண்பன் ஒருவன் இதே போல ஷீட் அனுப்பிவிட்டு, 2 மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டான். அவனும் இப்போது நன்றாகத் தூங்குகிறான்.

2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்வதே வீண் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஆப்பையும் பல்லாங்குழியையும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த எண் கிடைக்காவிட்டால் 1800 891 4416. அங்கே பேச வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கில் கடமுட என்று சத்தம் வந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறோமே.

இந்தக் கட்டுரையை டைப் செய்து முடிப்பதற்குள் ஆடு 7 முறை வந்து திரையை மறைத்தது. 6 முறை எழுந்தேன். ஒரு முறை போஸ்ட்போன் அழுத்தினேன், வாக்கியம் பாதியில் நின்றதால். இப்போது மறுபடியும் வந்துவிட்டது. முற்றத்தில் அப்பத்தா கொட்டைகளைக் குழிக்கு 5-ஆகப் பிரித்து வைத்துவிட்டார். அவர் பக்கம் ஒரு குழியில் 6 இருப்பது போலத் தெரிகிறது, போய்ப் பார்க்க வேண்டும்.